முடியாது என்று சொல்லும் உரிமை

(வெள்ளாங்குளத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆகாய விமானம் ஓட்டுவோரின் தொழிற்சங்கத்தைப் பற்றி வெள்ளாங்குளத்தில் வந்து பேசுவதா என்று உங்களிற் சிலர் ஒருவரையொருவர் பார்ப்பதை நாம் காண்கிறோம். நெல்லின் விலையைப் பேசலாம். குளக்கட்டின் திருத்தத்தைப் பேசலாம். காட்டு யானை அழித்த வயலுக்கு நட்டஈடு எங்கே என்று கேட்கலாம். இவற்றையெல்லாம் விட்டு, மாதத்துக்குப் பல இலட்சம் ஊதியம் பெறும் கனவான்களின் குறையைக் கூற வந்தாரோ என்று நீங்கள் கேட்பீர்களானால், அக்கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை நாம் சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. இந்த ஊரின் கடலிலிருந்து தொடங்குகிறோம்.

தேவன்பிட்டிக் கரையில் நின்று வடக்கே நோக்கினால் விரிந்து கிடப்பது இரணைதீவுப் பக்கத்துக் கடல். 1998 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் ஒன்று அக்கடலில் வீழ்ந்தது. பயணிகள் 48 பேர். பணியாளர் 7 பேர். ஒருவரும் மீளவில்லை. பயணிகள் எம்மவர், தமிழர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையாற் சுடப்பட்டது என்று விசாரித்தோர் முடிவு கண்டனர். 2012 ஆம் ஆண்டிற்றான் சிதைவுகள் கடலடியிற் கண்டெடுக்கப்பட்டன. பதினான்கு ஆண்டு உப்பு நீரிற் கிடந்த உடைகளையும் பொருள்களையும் உறவினர் முன் வைத்து, இவற்றில் உங்கள் பிள்ளையுடையது எது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்த தாய்மாரின் நிலையை நாம் வருணிக்கப் போவதில்லை.

ஏவியவர் பழி ஏவியவருக்கே உரியது. அதில் ஒரு துளியையும் வேறொருவர் தலையில் ஏற்றுவதற்கு நாம் வரவில்லை. ஆனால் அவ்விமானத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சிறிய கம்பனி ஒன்றின் விமானம். பெலரூஸ் நாட்டு நிறுவனத்திடமிருந்து வாடகைக்குப் பெற்ற அந்தொனோவ் 24 வகையைச் சேர்ந்தது. ஓட்டியவர்களும் முன்னாட் சோவியத் நாடுகளிலிருந்து விமானத்தோடு வந்தவர்களே. யாழ்ப்பாணத்துக்குப் பறக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை முன்னரே கம்பனிக்கு வந்திருந்ததாக அந்நாட்களிற் செய்தி வெளிவந்தது. இப்போது சட்டம் படித்தவன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறோம். அப்படிப்பட்ட எச்சரிக்கை ஒன்று ஒரு கம்பனியின் மேசைக்கு வருமானால், அதை அறியும் உரிமை விமானத்தை ஓட்டுபவனுக்கு உண்டா இல்லையா? அறிந்த பின், "இன்றைக்கு நான் பறக்க மாட்டேன்" என்று அவன் சொன்னால், அந்த அந்நிய தேசத்து மனிதனின் முதுகுக்குப் பின்னால் நிற்பவர் யார்? அவனுடைய மொழி பேசுவோர் இங்கில்லை. அவனைச் சேர்த்துக்கொள்ளும் சங்கம் இல்லை. கையில் இருப்பது ஓர் ஒப்பந்தக் கடதாசி. அதைக் கிழித்துவிட்டு இன்னொருவனை வரவழைக்க எத்தனை நாள் வேண்டும்?

விமானிகளின் சங்கம் என்றதும் சம்பளச் சண்டை என்றே பத்திரிகைகள் எழுதுகின்றன. சம்பளமும் அதில் உண்டு. இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அச்சங்கத்தின் உயிர்நாடி வேறு. பிறர் உயிரைக் கையில் வைத்திருப்பவன், தன் சோற்றை இழக்காமல் "முடியாது" என்று சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இது கடற்றொழில் செய்வோருக்குப் புதிதல்ல. சோளகம் குமுறும் நாளிற் கடலுக்குப் போ என்று சம்மாட்டி சொல்கிறார்; வானத்தையும் நீரோட்டத்தையும் பார்த்த மண்டாடி போகக்கூடாது என்கிறார். சம்மாட்டியின் கடனில் மூழ்கியிருக்கும் மண்டாடியின் சொல் எடுபடுமா? எடுபடாத நாட்களில் எத்தனை வள்ளம் திரும்பவில்லை என்பது இந்தக் கரைக்குத் தெரியும்.

விமானத் தொழிலின் முதல் வேலைநிறுத்தங்களுள் ஒன்று இதே காரணத்தினால் எழுந்தது என்பதைக் கேட்டால் வியப்படைவீர்கள். 1919 ஆம் ஆண்டு யூலை மாதம். அமெரிக்காவில் தபாற் திணைக்களம் ஒரு சிறு விமான சேவையை நடத்திவந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க விமானங்கள், திறந்த இருக்கை, மூடுபனிக்குள் வழி காட்டும் கருவி என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. திணைக்களத்தின் மேலதிகாரி ஒட்டோ பிரேகர் என்பவர். காலநிலை எப்படியிருந்தாலும் தபால் போயே ஆகவேண்டும் என்பது அவர் கட்டளை. நியூயோர்க்கை அடுத்த பெல்மொன்ட் பார்க் வெளியில் ஒருநாட் காலை பனி தரையோடு தரையாக மூடிக் கிடந்தது. லியோன் சிமித் என்ற விமானி ஏற மறுத்தார். அவருக்குப் பதிலாக ஹமில்டன் லீ என்பவரை ஏறச் சொன்னார்கள். அவரும் மறுத்தார். இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். செய்தி பரவியதும் மற்ற விமானிகள் விமானத்தைத் தொட மறுத்துவிட்டார்கள். அரசாங்கத் தபால் நின்றது. சில நாட்களில் பேச்சுவார்த்தை நடந்து உடன்பாடு ஏற்பட்டது. அந்த உடன்பாட்டில் ஒரு விதி இருந்தது. காலநிலையில் விமானிக்கு ஐயம் உண்டாகுமானால், பறக்கலாம் என்று சொல்லும் நிலைய அதிகாரி தாமே முதலில் விமானத்தில் ஏறிக் காட்ட வேண்டும். அவருக்கு ஓட்டத் தெரியாதென்றால், தபாற் பை வைக்கும் குழியில் அவரை உட்கார வைத்துக்கொண்டு விமானி புறப்படுவார்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். கந்தோரிலிருந்து கட்டளையிடும் அதிகாரியை நெல்லு மூடை போலத் தூக்கி வைத்துப் பறக்கும் காட்சி சிரிப்புக்குரியதுதான். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் உலகம் தெரிந்தவர்கள். ஆபத்தில் பங்கில்லாதவனுக்குத் துணிச்சல் மலிவாகக் கிடைக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். லீக்கு வேலை திரும்பக் கிடைத்தது. முதலில் மறுத்த சிமித்துக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பின்னர் 1931 இல் அமெரிக்க விமானிகள் நிலையான சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டே சிக்காகோவில் செஞ்சரி எயர்லைன்ஸ் என்ற சிறு கம்பனியின் முதலாளி ஈ. எல். கோர்ட், சம்பளத்தைப் பாதிக்கு மேல் வெட்டி, விருப்பமில்லாதோர் போகலாம் என்று கதவை அடைத்தார். விமானிகளின் நியாயம் அமெரிக்கக் காங்கிரசுவரை சென்றது. லா கார்டியா என்ற உறுப்பினர் அவர்களுக்காக வாதாடினார். சில மாதங்களிற் கோர்ட் அந்தக் கம்பனியையே விற்றுவிட்டார்.

சர்வதேச விதிகளின்படி, வானத்தில் இறுதி அதிகாரம் விமானத் தலைவனுடையது. மந்திரி ஏறியிருந்தாலும் அவன் சொல்லே சட்டம். நிலத்தில் இறங்கியதும் அவன் யார்? மாத முடிவிற் சம்பளத்துக்குக் கையொப்பம் வைப்பவன். சிறு கம்பனியில் அவன் நிலை இன்னும் மோசம். பத்துப் பதினைந்து விமானிகள். இரண்டு மூன்று விமானங்கள். ஒருவன் களைப்பாயிருக்கிறது என்றால் அன்றைய சேவை நின்றுபோம். நின்றதற்குக் காரணம் இன்னான் என்று முதலாளிக்கு உடனே தெரியும். அதற்கு மேல் கடன். விமானியாவதற்குப் பயிற்சிச் செலவு எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள். கமக்காரன் ஒருவனின் மகன் அதைப் படித்திருந்தால் காணி உறுதி வங்கியில் இருக்கும். கம்பனியும் பயிற்சி தந்தோம் என்று பிணை எழுதி வாங்கி, இத்தனை ஆண்டுக்குள் விலகினால் இத்தனை பணம் கட்டு என்று கட்டிப் போடுவதுண்டு. மண்டாடிக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

மனம் சோர்ந்தவன் ஓட்டும் விமானத்தின் கதையையும் கேளுங்கள். 2009 பெப்ரவரி 12 ஆம் திகதி இரவு அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே கொல்கன் எயர் என்ற சிறு கம்பனியின் விமானம் வீட்டின் மேல் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். துணை விமானி இளம் பெண். வேலைத்தலம் கிழக்குக் கரையில். வீடு மேற்குக் கரையிற் சியாட்டில் பக்கத்தில். வேலைத்தலத்தில் வாடகைக்கு அறை எடுக்க அவள் ஊதியம் காணாது. முதல் நாள் இரவு முழுவதும் கண்டத்தைக் கடந்து வந்து, ஓய்வறைச் சாய்கதிரையிற் கண்ணயர்ந்துவிட்டு வேலைக்கு ஏறினாள். தடிமல் வேறு. அவள் பேசியவை விமானத்தின் ஒலிப்பதிவில் இருக்கின்றன. பிழை விமானத் தலைவனுடைய கையிலும் இருந்தது என்று விசாரணையாளர் கூறினர். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அக்கம்பனியின் விமானிகள் சங்கத்தில் சேர வாக்களித்து அப்போது ஓரிரு மாதங்களே ஆகியிருந்தன. இறந்தவர்களின் குடும்பத்தார் ஓயாது வாதாடியதன் பின்பே, 2010 இல் விமானிகளின் ஓய்வுக்கும் பயிற்சிக்கும் புதிய சட்டம் பிறந்தது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். எயர் சிலோனின் முதற் பயணமே 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனதுதான். அந்த எயர் சிலோன் மூடுண்டு, 1979 இல் எயர் லங்கா பிறந்து, இன்று ஸ்ரீலங்கன் என்று வழங்குகிறது. உலகக் கணக்கில் இதுவும் சிறிய கம்பனியே. அரசியல்வாதிகளின் கை அதன் மேல் விழும் கனத்திற்றான் அது பெரியது. 2007 டிசெம்பரில் நடந்ததை நினைவிற் கொள்ளுங்கள். இலண்டனிலிருந்து திரும்பும் சனாதிபதியின் பரிவாரத்துக்கு இடம் விடுவதற்காகப் பணங்கட்டிய பயணிகளை இறக்கும்படி கேட்கப்பட்டது. நிறுவனம் மறுத்தது. தலைமை நிர்வாகி பீட்டர் ஹில்லின் வேலை அனுமதி பறிக்கப்பட்டது. துருசைத் திறக்க முறையில்லாதவருக்குத் திறக்க மாட்டேன் என்ற வட்டவிதானையைப் பதவி நீக்கிய கதை இது. தலைமை நிர்வாகிக்கே அக்கதியென்றால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் விமானி என்ன பாடம் படித்திருப்பான்?

ஆயினும் எம் நாட்டு விமானிகள் மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கத் தெரிந்தவர்கள். 2022 யூன் 13 ஆம் திகதி இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த யூ.எல். 504 விமானத்தைத் துருக்கி வானில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறும்படி தரைக் கட்டுப்பாட்டார் பணித்தனர். அந்த உயரத்தில் பதினைந்து மைல் தூரத்திற் பிரித்தானிய விமானம் ஒன்று இருப்பதைக் கண்ட விமானிகள் ஏற மறுத்தனர். பயணிகள் காக்கப்பட்டமைக்கு விமானிகளின் விழிப்பும் தக்க தருணத்துச் செயலும் காரணமென்று நிறுவனமே அறிக்கை விட்டது. ஒருமுறை மறுத்ததற்குப் பாராட்டு. களைப்பினால் மறுத்தால்?

அந்த ஆண்டே நாடு வங்குரோத்தானது. ரூபாய் வீழ்ந்தது. 2023 சனவரியில் வருமான வரியின் மேல் வீதம் 36 ஆயிற்று. விமானிகள் பலர் வளைகுடாவுக்கும் பிற நாடுகளுக்கும் போனார்கள். எஞ்சியோரின் மேற் சுமை ஏறியது. அந்த ஆண்டு விமானங்கள் தாமதமாயின. பத்தாண்டு பயின்று விமானத் தலைவனாகும் ஒருவனைப் பத்து நாளிற் செய்ய முடியாது. டாக்டர்கள் போனார்கள், இன்சினியர்கள் போனார்கள், இந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் அதன் விளைவை நீங்களே காண்கிறீர்கள். விமானிகளின் சங்கம் அவ்வேளையிற் பேசியது வெறும் பேராசை என்று ஆட்சியாளர் சிலர் எள்ளினர். போனவன் எள்ளலைக் கேட்பதற்கு இங்கிருக்கவில்லை.

சட்டம் உதவாதா? ஓரளவுக்கு உதவும். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் எந்தத் தகுதியில் வேலை செய்பவரையும் தொழிலாளி என்று ஏற்கும்; விமானியின் தொப்பியைப் பார்த்து மயங்காது. (இந்தியாவில் இதையே வழக்காட வேண்டியிருந்தது. விமானியும் தொழிலாளியே என்று 2025 இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்த்தது.) 1999 இல் வந்த திருத்தத்தின்படி, எவருக்காகப் பேசுகிறதோ அவர்களில் 40 வீதத்தினரைக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பது குற்றம். இங்கேதான் ஓட்டை. 20 விமானிகள் உள்ள கம்பனியில் எட்டுப் பேர் சேர்ந்தால் 40 வீதம். அந்த எட்டில் ஒருவனைக் கழற்றிவிட்டால் எஞ்சிய பத்தொன்பதில் ஏழு பேர். 40 வீதம் இல்லை. சங்கத்திற் சேர்ந்ததற்காக நீக்குவதும் குற்றமென்று அதே சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் வழக்கைத் தொடுப்பவர் தொழில் ஆணையாளர். சங்கம் தானே நீதிமன்றப் படியேற முடியாது. ஆணையாளர் அசையும் வரை அந்த ஒருவன் எதைத் தின்பான்? 2009 ஆகஸ்டை ஒட்டிய நாட்களில் இந்தியாவின் ஜெட் எயர்வேசில் இதுவே நடந்தது. சங்கம் பதிவானதும் முன்னின்ற இருவர் நீக்கப்பட்டனர். செப்டெம்பர் 8 ஆம் திகதி முதல் நூற்றுக்கணக்கான விமானிகள் சுகவீன விடுமுறை எடுத்தனர். ஐந்து நாளிற் கம்பனி இறங்கி வந்து நீக்கப்பட்டோரைச் சேர்த்துக்கொண்டது. பெரிய கம்பனியானபடியால் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். எட்டுப் பேர் எத்தனை நாள் நிற்பார்கள்?

விமானிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 1989 இல் அவுஸ்திரேலிய விமானிகள் 29.47 வீதச் சம்பள உயர்வு கேட்டுப் போராடினர். 1,600 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் விலகல் கடிதம் கொடுத்தனர். தொழிற் கட்சி அரசாங்கமே விமானப் படை விமானங்களை இறக்கி அவர்களை முறித்தது. சனங்கள் அவர்களுக்காக எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை? தங்கள் சம்பளத்தை மட்டும் பேசினார்கள் என்ற எண்ணம் ஊரில் நிலைத்துவிட்டது. எம் விமானிகளும் விமானத்தைக் கழுவுபவனோடும் பொதி தூக்குபவனோடும் ஒரு மேசையில் இருக்கக் கூசும் வரை அந்த ஆபத்து அவர்களுக்கு உண்டு. நாம் அவர்களுக்குத் தாம்பாளம் ஏந்த வரவில்லை.

ஆனால் அவர்களது ஓய்வு எமது அலுவல். யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து முதலில் வந்தது அலையன்ஸ் எயர் என்ற சிறு நிறுவனம். 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் வந்தது. உங்கள் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அவற்றில் ஏறுகிறார்கள். 2023 ஆகஸ்டில் இன்டிகோ விமானி ஒருவர் நாக்பூர் நிலையத்தில் விமானம் ஏறும் வாசலருகிலேயே சாய்ந்து இறந்தார். விமானிகளின் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பயனாக, வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. இரவிறக்கங்களைக் குறைக்கும் விதி 2025 நவம்பரில் முழுமையாயிற்று. அதற்கேற்ப ஆட்களைச் சேர்த்து ஆயத்தம் செய்யாத இன்டிகோ, டிசெம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்களை இரத்துச் செய்தது. உடனே அரசு என்ன செய்தது? அந்நிறுவனத்துக்கு விதியிலிருந்து தற்காலிக விலக்கு அளித்தது. பயணி தெருவில் நின்றான். விமானியின் ஓய்வு விலையாயிற்று.

வடக்குக்கு உள்நாட்டு விமான சேவை நடத்த வரும் ஒவ்வொரு சிறு கம்பனியையும் மாலையிட்டு வரவேற்க எம் பிரமுகர்கள் முந்துகிறார்கள். வரவேற்கட்டும். மாலைக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. களைப்பென்றோ காலநிலையென்றோ ஆபத்தென்றோ பறக்க மறுத்தவனைத் தண்டிக்க மாட்டோம் என்பதை அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனையாக எழுத வேண்டும். கம்பனிக்கு வரும் எச்சரிக்கை எதுவாயினும் அன்றே விமானியின் கைக்குப் போக வேண்டும். வாடகை விமானத்தோடு வரும் அந்நிய விமானிக்கும் இவை பொருந்த வேண்டும். இரணைதீவுக் கடலில் இறந்தோரில் அவர்களும் இருந்தார்கள். சங்கம் அமைப்போரின் தொகை குறைவென்று பேச மறுக்கும் வழியைச் சிறு தொழிலகங்களைப் பொறுத்தவரை அடைக்க வேண்டும். சங்கம் தானே வழக்குத் தொடுக்க இடமளிக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளை மனுவாக எழுதி வந்திருக்கிறோம். விமான சேவைக்குப் பொறுப்பான அமைச்சருக்கும் தொழில் அமைச்சருக்கும் எமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் இது போகும். உத்தியோகத்தர்கள் கையொப்பமிடப் பயந்தால் நாம் வற்புறுத்தவில்லை. அப்பயத்தைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் பேசினோம். கமக்காரருக்கு மேலதிகாரி இல்லை. ஆகவே முதலிற் கமக்காரர் வாருங்கள். கையொப்பமிடத் தெரியாத பெரியவர்களுக்கு மைப்பெட்டி மேசையில் இருக்கிறது. முகவரியைத் தெளிவாக எழுதுங்கள். சென்ற முறை ஒரு மனு, முகவரி விளங்கவில்லை என்ற ஒரே காரணத்தினாற் கந்தோரிலிருந்து திரும்பி வந்தது.